மிகை மெய்ம்மைக் கண்ணாடிகள்: அவற்றின் ஆற்றலும் இன்றைய குறைபாடுகளும்

இரவு வேளையில் மட்டக்குளியிலிருந்து கோட்டைக்குச் செல்லும் பஸ்ஸில் யன்னலோரமாக அமர்ந்திருக்கும் பிரயாணி, கண்ணாடியினூடாக வெளியே நோக்குங்கால் இரு காட்சிகளை ஒருங்கே காண்கின்றார். வீதி விளக்குகளும் கடைகளும் ஒரு காட்சி. அவற்றின்மீது படிந்தாற்போலத் தோன்றும் தம்முடைய முகமும் பஸ்ஸின் உள்விளக்கும் மற்றொரு காட்சி. யன்னற் கண்ணாடி வெளியிலிருந்து வரும் ஒளியிற் பெரும்பகுதியை உள்ளே விடுகின்றது. உள்ளேயிருந்து தன்மேற் படும் ஒளியில் ஒரு சிறு பகுதியைத் தெறிக்கச் செய்கின்றது. இவ்விரு ஒளிகளும் ஒரே கண்ணைச் சென்றடைதலால், முகம் இல்லாத இடத்தில் முகம் இருப்பதுபோன்ற தோற்றம் உண்டாகின்றது. இவ்வெளிய ஒளியியல் உண்மையே, ஆங்கிலத்தில் 'ஓகுமென்ரட் றியாலிற்றி' எனவும் தமிழில் 'மிகை மெய்ம்மை' எனவும் வழங்கப்படும் புதிய கலையின் அடித்தளமாகும்.

'மிகை மெய்ம்மை' என்னும் தொடர் சிறிது இடர்ப்பாடு உடையதே. மெய் மிகுவதில்லை, மெய்யின்மீது மெய்யல்லாத ஒன்று வைக்கப்படுகின்றது. எனினும் இதனினும் நல்ல சொல் நிலைபெறும்வரை இதனையே கையாளலாம். கண்ணை முற்றாக மூடி வேறோர் உலகைக் காட்டும் 'மெய்நிகர்' கருவி வேறு. கண்முன் உள்ள உலகை விலக்காது, அதன்மேல் எழுத்தையோ உருவத்தையோ ஏற்றிக் காட்டும் இக்கருவி வேறு. முன்னதை அணிந்தவர் தாம் இருக்கும் அறையை மறக்கின்றார். பின்னதை அணிந்தவர் அறையிலேயே இருந்துகொண்டு, மேசைமேல் இல்லாத ஓர் இருதயம் துடிப்பதைக் காண்கின்றார்.

மேடையில் இத்தோற்றத்தை முதலிற் பெரும்புகழ் பெறச் செய்தவர் இலண்டன் றோயல் பொலிரெக்னிக் நிறுவகத்தைச் சார்ந்த ஜோன் ஹென்றி பெப்பர் என்பவர். ஹென்றி டேர்க்ஸ் என்னும் பொறியியலாளரின் கருத்தைச் செம்மைசெய்து, 1862ஆம் ஆண்டில், சாய்த்து நிறுத்திய பெருங் கண்ணாடித் தகட்டின் துணையால் நடிகரிடையே ஆவியுருவொன்றை உலவச் செய்தார். 1900ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்துத் தொலைநோக்கி வினைஞரான ஹவார்ட் கிறப், அதே தெறிப்பைக் கொண்டு துப்பாக்கிக்குரிய குறிநோக்கியொன்றை அமைத்தார். போர்விமானங்களிற் பின்னர் இடம்பெற்ற முகப்புக் காட்சிக் கருவிகள் அதன் வழித்தோன்றல்களே. ஆவி காட்டிய கண்ணாடி அரை நூற்றாண்டுக்குள் ஆயுதத்திற் புகுந்தமை கவனிக்கத்தக்கது.

கணனியை இதனுடன் இணைத்த பெருமை அமெரிக்கரான ஐவன் சதர்லண்ட் என்பவரைச் சாரும். 1968ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில் விளக்கப்பட்ட தலைக்கருவி, கண்ணுக்கு ஒன்றாக இரு சிறு கதோட்டுக் கதிர்க் குழாய்களையும் அரைவெள்ளி பூசிய ஆடிகளையும் கொண்டது. தலை எப்பக்கம் திரும்பியது என்பதை அளப்பதற்குக் கூரையிலிருந்து ஒரு பொறிக்கை தொங்கிற்று. அணிந்தவர், கோடுகளால் மட்டும் ஆன ஒரு கனவுரு அந்தரத்தில் நிற்பதைக் கண்டார். தலைமேல் தொங்கிய கருவிக்கு 'டமோக்கிளிசின் வாள்' என்னும் பட்டப்பெயர் பொருத்தமாகவே வாய்த்தது. இத்துறைக்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரோ 1990ஆம் ஆண்டை ஒட்டிப் போயிங் விமான நிறுவனத்திற் பணியாற்றிய ரொம் கோடெல் என்பவரால் இடப்பட்டது. விமானத்தின் மின்கம்பிகளைப் பெரும் பலகைகளின்மேல் ஒழுங்காக விரித்துக் கட்டும் தொழிலாளர், ஒவ்வொரு கம்பிக்கும் வரைபடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அவ்வரைபடத்தைப் பலகையின்மீதே கண்ணுக்குத் தோற்றுவித்தால் என்ன என்பதே அவர் எழுப்பிய வினா. இவ்வினாவின் எளிமையை மனத்திற் கொள்ளுதல் நன்று. ஏனெனில் பின்னர் வந்த பல கருவிகள் இத்துணைத் தெளிவான தேவை எதனையும் காட்டாமலே விற்பனைக்கு வந்தன.

இனி, இக்கருவி செய்யவேண்டிய வேலை யாது என்பதை நோக்குதல் வேண்டும். முதலாவதாக, அணிந்தவரின் தலை அறையில் எங்கே, எத்திசை நோக்கி இருக்கின்றது என்பதை அது இடைவிடாது அறிதல் வேண்டும். அடுத்து, அந்நிலைக்கேற்ப உருவத்தை வரைதல் வேண்டும். பின்னர் அவ்வுருவத்தின் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்துதல் வேண்டும். இம்மூன்றையும் செய்து முடிப்பதற்குக் கிடைக்கும் காலம் மிகச் சிறிது. ஒருவர் இயல்பாகத் தலையைத் திருப்பும்போது செக்கனுக்கு 100 பாகை வேகத்தை எளிதில் எட்டுவர். கருவி 50 மில்லிசெக்கன் தாமதித்தால் அதற்குள் தலை 5 பாகை திரும்பிவிடும். இரண்டு மீற்றர் தொலைவில் இருக்கும் மேசையில் இப்பிழை ஏறத்தாழ 17 சதமமீற்றர் ஆகும். மேசையின் நடுவில் வைத்த பூச்சாடி மேசையின் விளிம்புக்கு நீந்திச் செல்வதாகத் தோன்றும். தாமதத்தை 20 மில்லிசெக்கனுக்குக் குறைத்தாலும் 7 சதமமீற்றர் பிழை எஞ்சுகின்றது. ஆதலின் தலை அடுத்த கணத்தில் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து வரையும் உபாயம் கைக்கொள்ளப்படுகின்றது. இத்துறையில் உண்மையாகவே பெருவெற்றி ஈட்டப்பட்டது இப்பகுதியில்தான். கூரையிலிருந்து தொங்கிய பொறிக்கையின் வேலையை, நெற்றியில் அமைந்த சில சிறு கமராக்களும் அசைவுணரிகளும் இன்று செய்துவிடுகின்றன.

ஒளியைக் கண்ணுக்குட் செலுத்தும் பகுதி அத்துணை இணக்கமானதன்று. பஸ் யன்னலை இங்கே மீண்டும் நினைவுகூரலாம். இரவிலே தெளிவாகத் தோன்றிய முகம் பகலிலே காணாமற் போகின்றது. முகம் மறைந்துவிடவில்லை, வெளியொளி அதனை விழுங்கிவிட்டது. கொழும்பின் நண்பகல் வெயிலில் விரித்துவைத்த வெள்ளைத் தாள், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 30,000 கண்டெலா அளவிற்கு ஒளிரும். 2025ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மெற்றா நிறுவனம் வெளியிட்ட காட்சிக் கண்ணாடியின் மிகையான ஒளிர்வு 5,000 கண்டெலா. கண்ணாடிகளுள் இது தாழ்ந்த அளவன்று. களனி கங்கை கடலொடு கலக்கும் முகத்துவாரத்து மணலில் நின்று, நீர் பளபளக்க அதனை நோக்குபவர் கண்ணாடியில் எழுதப்பட்டதைப் படிக்க இடர்ப்படுவர். அதனாலேயே அந்நிறுவனம் வெயிலிற் கருமையடையும் வில்லைகளை அதனுடன் சேர்த்திருக்கின்றது. வெப்ப மண்டலத்திற்கு வெளியே வாழும் பொறியியலாளர்க்கு இது சிறிய குறை. நமது நாட்டுக்கு இதுவே முதற் குறை.

பஸ் யன்னல் மற்றொரு பாடத்தையும் புகட்டும். தெறித்த முகம் வெளியேயுள்ள விளக்கை மறைப்பதில்லை. விளக்கு முகத்தினூடாகவே தெரிகின்றது. ஒளியைக் கூட்டலாம், கழிக்க இயலாது. எனவே இவ்வகைக் கண்ணாடியிற் கறுப்பு நிறம் என்பது இல்லை. கறுப்பாக வரையப்பட்ட இடம் வெறும் கண்ணாடியாகவே தோன்றும். நிழல் இல்லாத பொருள் தரையில் நிற்பதாகக் கண் நம்புவதில்லை. பெப்பரின் மேடையில் இது குறையாகத் தோன்றவில்லை, அங்கே தோன்றியது ஆவியாதலின். உடற்கூற்றியல் கற்பிக்குமிடத்து எலும்புக்கூடும் ஆவியாகவே நின்றால் மாணவன் அதன் பின்னாலுள்ள கரும்பலகையையும் சேர்த்தே படிக்க நேரிடும்.

பார்வைப் புலத்தின் ஒடுக்கம் இதனினும் கொடிது. மனிதனின் இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 200 பாகை வரை காண்கின்றன. 2016ஆம் ஆண்டில் 3,000 டொலர் விலையில் மைக்குரோசொவ்ற் நிறுவனம் வெளியிட்ட ஹொலோலென்ஸ் கருவி காட்டியது ஏறத்தாழ 30 பாகை அகலமும் 17 பாகை உயரமும் மட்டுமே. இரண்டு மீற்றர் தொலைவில் இது ஒரு மீற்றர் அகலமும் 60 சதமமீற்றர் உயரமும் கொண்ட ஒரு சாளரம். ஆளுயர எலும்புக்கூடு ஒன்றை அதில் நிறுத்தினால் தலையைக் காணும்போது இடுப்பு இராது. இடுப்பைக் காணும்போது தலை இராது. விளம்பரப் படங்களிலோ அறை முழுவதும் உருவங்களால் நிறைந்திருந்தது. அப்படங்கள் கமராவினால் எடுக்கப்பட்டவை, கருவியினூடாகக் கண்டவை அல்ல. 2019ஆம் ஆண்டின் இரண்டாம் ஹொலோலென்ஸ் இச்சாளரத்தை மூலைவிட்டத்தில் 52 பாகையாகப் பெருப்பித்தது. மெற்றா நிறுவனம் 2024ஆம் ஆண்டு செப்ரெம்பரிற் காட்டிய 'ஒறையன்' என்னும் முன்மாதிரி, சிலிக்கன் காபைட்டு வில்லைகளைக் கொண்டு 70 பாகையை எட்டிற்று. நிறை 98 கிராம். ஆயினும் அது விற்பனைக்கு வரவில்லை. ஒன்றைச் செய்ய ஏறத்தாழ 10,000 டொலர் செல்லும் என அக்காலத்துச் செய்திகள் கூறின.

கண்ணுக்கு நேரும் அயர்ச்சி ஆசிரியரும் பெற்றோரும் விசேடமாக அறிந்திருக்க வேண்டியதொன்று. அருகிலுள்ள பொருளை நோக்கும்போது இரு கண்களும் உட்புறமாகத் திரும்புகின்றன. அதே வேளையிற் கண்வில்லை தடித்துக் குவியத்தை மாற்றிக்கொள்கின்றது. இவ்விரு செயல்களும் பிறவியிலிருந்தே இணைந்து பழகியவை. கருவியோ உருவம் முழுவதையும் ஒரே தொலைவிற் குவியச் செய்கின்றது. ஹொலோலென்ஸில் அது இரண்டு மீற்றர். கையெட்டும் தூரத்தில் ஓர் உருவத்தைக் காட்டும்போது கண்களின் திருப்பம் 'அருகில்' என்கின்றது. வில்லையின் குவியம் 'தொலைவில்' என்கின்றது. இவ்விரண்டையும் இணக்க முயலும் மூளை களைப்புறுகின்றது. தலைவலியும் குமட்டலும் தொடரலாம். ஆகவே உருவங்களை ஒன்றேகால் மீற்றருக்கு அப்பால் வைக்குமாறு அந்நிறுவனமே அறிவுறுத்திற்று. கைவேலைக்கு உதவவந்த கருவி கைக்கெட்டும் தூரத்தில் நன்கு பயன்படாது என்பது பெரும் முரண்பாடன்றோ?

இவ்வியல்பு ஓர் இராணுவத்தையே தடுமாறச் செய்தது. ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை, ஹொலோலென்ஸை ஆதாரமாகக் கொண்ட தலைக்கருவிகளை வாங்குதற்கு 2021ஆம் ஆண்டில் 2,100 கோடி டொலருக்கு மேற்படக்கூடிய ஓர் உடன்படிக்கையைச் செய்தது. 2022ஆம் ஆண்டுச் சோதனைகளில் அணிந்த வீரர்கள் தலைவலி, கண்நோவு, குமட்டல் என முறையிட்டனர். 2024ஆம் ஆண்டு ஒக்ரோபரில் இரண்டாம் ஹொலோலென்ஸின் உற்பத்தி நிறுத்தப்பட்டது; 2025ஆம் ஆண்டு பெப்ருவரியில் படைத்துறைப் பணியும் அன்டுறில் என்னும் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டது.

ஒளியைக் கழிக்க இயலாத இடர்ப்பாட்டை அப்பிள் நிறுவனம் வேறு வழியாகக் கடக்க முயன்றது. 2024ஆம் ஆண்டு பெப்ருவரியில் 3,499 டொலர் விலையில் அது வெளியிட்ட 'விஷன் புறோ' கருவியில் ஊடுருவிக் காணும் கண்ணாடியே இல்லை. கமராக்கள் வெளியுலகைப் படமெடுக்க, கண்முன் உள்ள சிறு திரைகள் அப்படத்தையும் புனைந்த உருவங்களையும் கலந்து காட்டுகின்றன. கறுப்பும் நிழலும் பெறப்பட்டன. விலையாகக் கொடுக்கப்பட்டது நேரான பார்வை. அணிந்தவர் தம் பிள்ளையின் முகத்தைக் காண்பதும் படமாகவே காண்கின்றார். கருவியின் நிறை 600 கிராமுக்கு மேல். சாதாரண மூக்குக் கண்ணாடியோ 30 கிராம் அளவினது. மின்கலம் தனியே சட்டைப்பையில் தொங்க, அதுவும் இரண்டு மணி நேரமளவிற் சோர்ந்துவிடும். அவ்வாண்டு யூனில் சிங்கப்பூரிலும் இது விற்பனைக்கு வந்தது. அங்குள்ள தமிழர் வாங்கினர்; பலர் சில கிழமைகளில் மேசை இழாச்சியில் வைத்திருப்பர் என்று எண்ணுதற்கு இடமுண்டு. அரைக் கிலோவுக்கு மேற்பட்ட சுமையை முகத்தின் முன்னால் தாங்குவதற்கு மனிதக் கழுத்து அமைந்ததன்று.

நிறையையும் விலையையும் மட்டும் குறைத்துவிட்டால் யாவும் நன்றாகிவிடும் என்று கருதுவோர் கூகிள் கிளாஸின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். 2013ஆம் ஆண்டில் 1,500 டொலர் விலையில் வெளிவந்த அது மெல்லியது. ஒரு கண்ணின் ஓரத்திற் சிறு படத்தை மட்டும் காட்டியது. கருவியை எவரும் சுமையாகக் கருதவில்லை. அணிந்தவரையே சுமையாகக் கருதினர். எதிரே அமர்ந்திருப்பவர் தம்மைப் படமெடுக்கின்றாரோ என்னும் ஐயமே அதனை வீழ்த்திற்று. 2015ஆம் ஆண்டு சனவரியிற் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. தொழிலகங்களிலோ அது தொடர்ந்து வாழ்ந்தது. கோடெல் எழுப்பிய பழைய வினாவுக்கு விடையாக, கம்பி கட்டும் வேலையில் அதனைப் பயன்படுத்திய போயிங் நிறுவனம் வேலை நேரம் நாலிலொரு பங்கு குறைந்ததாக அறிவித்தது. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் தொழிலகப் பதிப்பின் விற்பனையும் முடிவுற்றது.

மருத்துவத்திற் பெற்ற வெற்றி ஒன்றை இங்கே குறிப்பிடாது விடலாகாது. முள்ளந்தண்டிற் திருகாணி பொருத்தும் வைத்தியர், என்புக்கும் நரம்புக்கும் இடையே மில்லிமீற்றர்க் கணக்கில் வழி காணவேண்டியவர். வழக்கமான முறையில் அவர் நோயாளியின் முதுகை ஒருகாலும் பக்கத்திலுள்ள திரையை ஒருகாலும் மாறிமாறி நோக்குவார். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், நோயாளியின் என்பின் படத்தை முதுகின்மீதே தோற்றுவிக்கும் தலைக்கருவியை அணிந்து இச்சிகிச்சை செய்யப்பட்டது. இடம் ஒன்று, ஒளி கட்டுப்பட்டது, வேலை வரையறைப்பட்டது, அணிபவர் பயிற்சி பெற்றவர். இந்நான்கும் கூடுமிடத்துக் கருவி நன்கு பயன்படுகின்றது. தெருவில் இவற்றுள் ஒன்றும் கிடைப்பதில்லை.

தலையில் எதனையும் சுமத்தாமலே இப்பயனைப் பெற முயன்றோரும் உளர். நாசிக் நகரத்தவரான றமேஷ் றஸ்கர், தனது சகாக்களுடன் பொருள்களின்மீதே ஒளிப்படத்தை எறிந்து அவற்றுக்கு வேறு நிறமும் வடிவமும் தரும் முறையை ஆராய்ந்தார். குசராத்தில் பிறந்த பிரணவ் மிஸ்திரி 2009ஆம் ஆண்டிற் காட்டிய 'ஆறாம் புலன்' என்னும் கருவி, கழுத்தில் தொங்கும் கமராவும் சிறு எறிகருவியும் கொண்டு சுவரையும் உள்ளங்கையையும் திரையாக்கிற்று. இலங்கையிற் பிறந்த சுரங்க நாணயக்காரவின் ஆராய்ச்சி இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. 2012ஆம் ஆண்டில் அவரும் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துச் சகாக்களும் விரலில் மோதிரமாக அணியும் கமராவொன்றை வெளியிட்டனர். பார்வையற்றவர் ஒரு பொருளைச் சுட்டினால் அது இன்னதெனக் காதில் ஒலிக்கும். பின்னர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் குழுவினர் அதனைச் செவிக்கருவியாக வளர்த்தனர். காட்சிப் புலம், ஒளிர்வு, குவியம் என்னும் தொல்லைகள் யாவும் இங்கே ஒருங்கே அகன்றுவிடுகின்றன. கண்ணுடையார்க்குக் கூடுதற் காட்சி தருவதினும் கண்ணிலார்க்குச் சொல் தருவது இக்கலையின் தலையாய பயன் எனின் அது மிகையாகாது.

இந்நாட்டுத் தமிழர்க்கு உடனடியாக விளங்கக்கூடிய பயன் மொழியைச் சார்ந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட கடிதத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு, அதனைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் முதியோர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இன்றும் இல்லாமலில்லை. கடிதத்தை நோக்கியதும் அதன்மேலேயே தமிழ் வரி தோன்றுமாயின் எத்துணை ஆறுதல்! கைத்தொலைபேசியின் கமராவே இன்று இதனை ஒருவாறு செய்கின்றது; கண்ணாடி வந்தால் கை விடுபடும், அவ்வளவே. மொழிபெயர்ப்பின் தரமோ கண்ணாடியின் தரத்தைப் பொறுத்ததன்று. அச்செழுத்தைப் படிக்கும் பொறி கையெழுத்தில் தடுமாறும். 'வேண்டும்' என்பதை 'வேண்டாம்' என மாற்றிக் காட்டிய ஒரு வரி, காணி உறுதியிலோ வழக்குமன்ற அழைப்பாணையிலோ இருக்குமாயின் அதன் விளைவு சிறியதாயிராது. மேலும், கண்ணெதிரே கடிதத்தாளின்மீதே தோன்றும் எழுத்தை எவரும் மொழிபெயர்ப்பு என்று கருதுவதில்லை. கடிதம் என்றே கருதுவர். ஐயுறவேண்டிய இடத்தில் ஐயத்தைப் போக்கிவிடுதல் இக்கலையின் உள்ளார்ந்த அபாயம்.

பாடசாலைகளைப் பொறுத்தவரை கணக்கு எளிது. ஒரு டொலர் ஏறத்தாழ 300 ரூபா எனக் கொண்டால் ஒரு விஷன் புறோவின் விலை, வரி நீங்கலாகவே, பத்து இலட்சம் ரூபாவைத் தாண்டுகின்றது. நாற்பது மாணவர் வரிசையில் நின்று ஆளுக்கு மூன்று நிமிடம் அணிந்தால் மின்கலம் தீர்ந்துவிடும். அப்பணத்திற்கு நல்ல நுணுக்குக்காட்டிகள் பலவும் ஓர் ஆய்வுகூடத்துக்குரிய கண்ணாடிப் பாத்திரங்களும் வாங்கலாம். பதின்மூன்று வயதிற்குட்பட்டவர் அணியலாகாது என உற்பத்தியாளரே எச்சரித்திருப்பதால் கீழ்வகுப்புகளுக்கு இப்பேச்சே எழாது. உயர்வகுப்பு மாணவர்க்கு மூலக்கூற்றின் முப்பரிமாண அமைப்பையோ இருதயத்தின் அறைகளையோ காட்டவேண்டுமாயின் கைத்தொலைபேசித் திரையே இப்போதைக்குப் போதுமானது. இலவசமாகத் தருவதாகக் கூறிவரும் நிறுவனங்களையும் அதிபர்கள் சற்று விழிப்போடு வரவேற்றல் நன்று. ஹொலோலென்ஸை நம்பிப் பாடங்களை அமைத்தோர் எட்டே ஆண்டுகளிற் கைவிடப்பட்டனர்.

வரலாற்றுப் பாடத்தில் மட்டும் ஆசை எழுவதை மறுத்தற்கில்லை. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயம், பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைத்த பழைய வடிவிலிருந்து, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதனாற் கருங்கல் திருப்பணியாக மாறிய வரலாற்றை, அவ்வீதியில் நின்றவாறே படிப்படியாகக் காண்பது அரியதோர் அனுபவமாயிருக்கும். ஆனால் அதே வீதியில் அதே கண்ணாடி வேறொன்றும் செய்யும். கருவறையைப் படமெடுக்கலாகாது என்று பலகை தொங்கும் ஆலயங்களில், மூக்குக் கண்ணாடி அணிந்து கைகூப்பி நிற்பவரை எவ்வாறு தடுப்பது? படம் எடுக்கப்படுவதை அறிவிக்கச் சட்டத்தின் மூலையில் ஒரு சிறு விளக்கு எரிகின்றது. பகலொளியில் அதனைக் கவனிப்போர் சிலரே. 2024ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழக மாணவர் இருவர், கடைகளில் விற்கும் கமராக் கண்ணாடியையும் முகத்தை இனங்காணும் சேவையொன்றையும் இணைத்து, வழியிற் கண்ட அந்நியரின் பெயரையும் பிற விபரங்களையும் சில கணங்களிற் பெற முடியும் எனக் காட்டினர். எச்சரிப்பதற்காகவே காட்டினர், செய்முறையின் முழு விபரத்தையும் அவர்கள் வெளியிடவில்லை.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. நிறுவனங்கள் மக்களின் விபரங்களைக் கையாளும் முறைக்கு அது வரம்பு விதிக்கின்றது. ஆனால் தனியொருவர் முற்றாகத் தம்முடைய சொந்த, இல்லத் தேவைக்கெனக் கையாளும் தரவுகள் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே விடப்பட்டுள்ளன. பஸ்ஸில் எதிரே அமர்ந்திருப்பவரின் கண்ணாடி பார்த்துக்கொண்டிருப்பது சொந்தத் தேவைக்கா, அக்கண்ணாடியைச் செய்த நிறுவனத்தின் தேவைக்கா என்னும் வினாவைச் சட்டத்தை வரைந்தோர் அன்று எதிர்நோக்கவில்லை.